புள்ளியோட ஜன்னல்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் நீ, "சரி வச்சிடறேன், ஆனா யார் பேசறீங்கன்னு சொல்லவே இல்லையே" என்றாய். அண்ணிதான் போனைப் பிடுங்கி, "எழுதிப் போடும்மா, உங்கண்ணனுக்கு இப்ப எழுத்துதான் கேக்குது" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

மருந்துக் கடைக்கு லீவு போட்டிருக்கிறேன். முதலாளி தங்கமான மனுஷர், எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கவுண்டருக்குப் பின்னால் நின்றே பழகிய உடம்பா, வீட்டில் உட்கார வைத்தால் கண்டதையும் யோசிக்கிறது. உன் மாப்பிள்ளை கண்ணாடிக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் வந்து என்னை எட்டிப் பார்க்கிறார். கல்யாணமான புதுசில்கூட இப்படி வந்ததில்லை.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். கோடை விடுமுறைக்குப் போவோமே, ஏரிக்கரை வீடு. உன் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால் வந்துவிடும். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாயா? சமையலறையைத் தாண்டினால் பின்னால் ஓர் அறை உண்டு. அதில் ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பச்சைச் சட்டம் போட்டது. எந்த ஜன்னல் என்று உனக்குத் தெரியும்.

சிரித்து முடித்துவிட்டாயா? முடித்த பிறகு போய்ப் பார்த்து எழுது. பார்க்காமல் எழுதாதே.

அண்ணியின் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொல்.

உன் அன்புத் தங்கை,
புள்ளி


ஜனவரி 23

அருமைப் புள்ளிக்கு,

நான், உன் அண்ணி, என் காது மிஷின் மூன்று பேரும் சுகம். மிஷினுக்கு மட்டும் அடிக்கடி பேட்டரி தீர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் சண்டையே கிடையாது.

மறுபடியும் ஜன்னலா? நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஜன்னலைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். நம் வீட்டில் யாராவது வாய் கூசாமல் புளுகினால், "இது புள்ளியோட ஜன்னல்" என்போம். அம்மா சொல்வாள், நான் சொல்வேன், கல்யாணமாகி வந்த ஒரே மாதத்தில் உன் அண்ணியும் சொல்லக் கற்றுக்கொண்டாள். நான் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனி வரைக்கும் அது போய்விட்டது. "சார், நான் பட்டனையே தொடலை, லிஃப்ட் தானா நின்னுடுச்சு" என்று யாராவது சொன்னால் எங்கள் மெக்கானிக்குகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "ஜன்னல்" என்பார்கள்.

நீயே யோசித்துப் பார். வீட்டுக்கு முன்னால் ஏரி. பின்னறைச் சுவரும் பக்கத்துப் படகுக் கொட்டகையின் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் கை நுழையாது. அங்கே ஜன்னல் வைத்தால் கொட்டகைக்காரன் முதுகுதான் தெரியும். உனக்கோ கடல் தெரிந்ததாம். நம் ஊரிலிருந்து கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். கலங்கரை விளக்கம் வேறு. ஏரிக்கு எவனாவது கலங்கரை விளக்கம் கட்டுவானா? அதுகூடப் போகட்டும், படகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்ததாம்!

அந்தப் பின்னறையில் எல்லாக் கோடையிலும் ஒளிந்து விளையாடியவன் நான். கடைசிக் கோடையில்தான் இல்லை, அந்த வருஷம் அத்தை வீட்டில் சைக்கிள் பழகினேன். அதற்கு அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார், ஏரிக்கரைப் பக்கம் நாம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது போய் எதைப் பார்ப்பது? மூன்று மணி நேர பஸ்ஸை என் இடுப்பு தாங்காது.

அது கிடக்கட்டும், நீ எதற்கு லீவில் இருக்கிறாய்? காய்ச்சலடித்தாலும் கடைக்குப் போகிற ஆளாயிற்றே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்து எழுதுகிறேன். உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம்.

நவம்பரில் அவள் ஒருவருக்குக் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக்குப் பதிலாகக் காதுக்கு விடும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் அங்கேயே பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் கூட வேலை பார்க்கும் பெண்ணின் பெயர் வரவில்லை. ஒருநாள் வீட்டு வாசலில் சாவிக் கொத்தோடு நின்றுகொண்டிருந்தாள், எது நம் வீட்டுச் சாவி என்று தெரியவில்லை. லீவு போடச் சொன்னது முதலாளி இல்லை. அவளாகவே எழுதிக் கொடுத்தாள்.

நரம்பு டாக்டரிடம் போனோம். கடிகாரம் வரையச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லித் திரும்பக் கேட்டார். பிறகு என்னைத் தனியாக, "நடக்காதது நடந்த மாதிரி ஏதாவது சொல்றாங்களா?" என்று கேட்டார். நான் ஒரு மடையன். "சின்ன வயசிலேர்ந்தே ஒரு ஜன்னலைப் பத்திச் சொல்லுவா டாக்டர், அப்படி ஒண்ணு இல்லவே இல்லையாம்" என்றேன். கதவு சாத்தியிருக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. எங்கள் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்தே இருப்பாள். அத்தை, அதாவது உங்கள் அம்மா, கடைசி நாட்களில் எப்படி இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தானும் அதே வழியில் போகிறோம் என்று முடிவு கட்டிவிட்டாள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இன்னும் பாக்கி. எடுக்கலாம் என்றால், "எடுத்து என்ன தெரிஞ்சுக்கப் போறேன்" என்கிறாள்.

மச்சான், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். போய் வாருங்கள். அங்கே ஜன்னல் இல்லாவிட்டாலும் இருந்தது என்று எழுதிவிடுங்கள். ஒரு பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை


பிப்ரவரி 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இடுப்பு வலியாவது ஒண்ணாவது, கிளம்புங்க" என்று பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

போய்விட்டு வந்தேன். ஜன்னல் இல்லை. சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிப் பார்த்தேன், எடுத்து அடைத்த அடையாளம்கூட இல்லை.

நீங்கள் கேட்டபடி பொய் எழுத முயற்சி செய்தேன். மூன்று தாள் கிழித்தேன். பச்சைச் சட்டம் இருந்தது என்று எழுதினால் எந்தப் பச்சை என்று கேட்பாள். நாளைக்கே வந்து பார்க்கிறேன் என்பாள். நேரில் வந்து பார்த்து, இல்லை என்றால், அப்புறம் அவள் தன்னையும் நம்ப மாட்டாள், என்னையும் நம்ப மாட்டாள். அவளுக்கு இப்போது நம்புவதற்கு யாராவது ஓர் ஆள் வேண்டும். உள்ளதை எழுதிவிடப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பரிசோதனைக்கு எப்படியாவது கூட்டிப் போங்கள்.

மச்சான்


பிப்ரவரி 18

அருமைப் புள்ளிக்கு,

நாங்கள் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தொல்லை தாங்காமல் போய்ப் பார்த்துவிட்டேன். வீடு அப்படியேதான் இருக்கிறது, நாம்தான் பெரிதாகிவிட்டோம். வாசல்படியில் ஏற நாம் கையூன்றுவோமே, இப்போது ஒரே எட்டு. மாடிப்படிக்குக் கீழே நான் மாட்டிக்கொண்டு கத்திய பொந்தில் செருப்பு வைத்திருக்கிறார்கள். ஏரிப் பக்கத்து வராந்தாவில் அப்பா ஆணியடித்த கொக்கிகூட இருக்கிறது, அதில் இப்போது ஒரு குடை தொங்குகிறது. தரை அதே சிவப்பு, வெறுங்காலில் நின்று பார்த்தேன், அதே குளிர்ச்சி. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் வராமல் இருந்தோமே என்று தோன்றியது.

வீட்டுக்காரி ஒரு பல் டாக்டரம்மா. ஓய்வு பெற்றுவிட்டார், தனியாக இருக்கிறார். நான் காரணத்தைச் சொன்னதும், "உள்ள வாங்க, வாயை மட்டும் திறக்காதீங்க, எனக்குக் கை அரிக்கும்" என்றார். திறந்தேன். கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்க வேண்டுமாம்.

பின்னறையில் பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறார். நீ சொன்ன சுவரில் ஜன்னல் இல்லை, புள்ளி. வெறும் சுவர். அதுவும் பார்க்கச் சகிக்காத சுவர், சுண்ணாம்பு பொரிப்பொரியாக உதிர்கிறது. "இந்த ஒரு சுவத்துல மட்டும் சுண்ணாம்பு நிக்கவே மாட்டேங்குது, அடிச்ச வருஷமே உரிஞ்சுடும், எனக்கு முன்னால இருந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க" என்று அந்தம்மா அலுத்துக்கொண்டார்.

சின்ன வயதில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று இப்படித் தோன்றும். நான்கூட மாடியில் ஒரு யானை இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உடனே பதில் போடு.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது. உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். நீ பொய் எழுதாததற்கு ரொம்ப நன்றி. எழுதியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். மாடியில் யானை என்றாயே, அது பொய். உனக்கு மூக்கு நுனியில்கூடக் கற்பனை கிடையாது.

லீவு எதற்கு என்று கேட்டிருந்தாய். எனக்கு மறதி வருகிறது அண்ணா. அம்மாவுக்கு வந்த மாதிரி. கடைசியில் அம்மா உன்னைப் பார்த்து, "லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த தம்பிக்குத் தண்ணி குடு" என்றாளே. நீயும் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "சரியாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதாய். நான் பயந்துகொண்டே இருக்கிறேன். மறந்து போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இல்லாத ஒன்றை இருந்தது என்று அடித்துச் சொல்கிற மண்டை எனக்கு ஐந்து வயதிலிருந்தே இருக்கிறது என்றால், நான் எதைத்தான் நம்புவது? மருந்துப் பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறேனே, அதை நம்பலாமா?

அந்த ஜன்னலைப் பற்றி நினைவிருப்பதை எல்லாம் ஒருதரம் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதோடு விட்டுவிடுகிறேன், இனி பேச மாட்டேன்.

கட்டிலில் படுத்திருக்கிறேன். தலைமாடு கதவுப் பக்கம். என் இரண்டு கையிலும் யாரோ காலுறையை மாட்டி மணிக்கட்டில் கட்டிவிட்டிருக்கிறார்கள், அதைக் கழற்றக் கூடாது. உடம்பெல்லாம் அரிக்கிறது. நீயும் அம்மாவும் வரவே இல்லை, அப்பா மட்டும்தான் வருகிறார். எதிரே ஜன்னல். பச்சைச் சட்டம், கீழ்ச் சட்டத்தில் வெயில் விழுந்த மாதிரி ஒரு மஞ்சள் பட்டை. வெளியே கடல். இடது கோடியில் படகு. காலையில் கண்ணைத் திறந்தால் அது முந்தின நாளைவிடக் கொஞ்சம் தள்ளியிருக்கும். "படகு கரைக்கு வந்துடுச்சுன்னா நீ எழுந்து ஓடலாம்" என்று அப்பா சொன்னார். அந்த ஜன்னலிலிருந்து காற்றே வராது. ஒரு நாற்றம் மட்டும் வரும், கொம்பைப் போட்டு எரிக்கிற மாதிரி. இன்றைக்கும் அந்த நாற்றம் எனக்கு மூக்கில் இருக்கிறது.

அவ்வளவுதான். அண்ணியைக் கேட்டதாகச் சொல். நீ பல்லைப் பிடுங்கிக்கொள்.

புள்ளி


மார்ச் 21

புள்ளி,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இப்போதுதான் வந்தது. எதையும் விட்டுவிடாதே. ஒன்றும் முடிவு செய்யாதே.

கொம்பு எரிக்கிற நாற்றம் என்கிறாயே, அடி பைத்தியக்காரி, இதை ஏன் நீ இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை? அது வச்சிரப் பசை, மாட்டுத் தோலையும் குளம்பையும் காய்ச்சி எடுப்பது. நாடகக் கம்பெனிக்குப் படுதாத் திரை வரையும்போது அப்பா சாயம் கலக்கக் காய்ச்சுவாரே, அது. நாடகக் கொட்டகை அடுப்பில் அதைக் கிண்டிக் கிண்டித்தான் எனக்கு மூக்கே போயிற்று. உனக்கு விவரம் தெரிவதற்குள் அப்பா போய்விட்டார், அந்தச் சட்டியை நீ பார்த்திருக்கவே முடியாது.

காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன். மற்றதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அண்ணன்


மார்ச் 24

என் தங்கமே, புள்ளி,

நானும் உன் அண்ணியும் சுகம். நீ இதைப் படித்து முடிக்கும்போது நீயும் சுகமாக இருப்பாய்.

ஜன்னல் இருக்கிறது.

உட்கார்ந்து படி. முதலில் உன் கையில் காலுறை. சொறியாமல் இருக்கக் கட்டியது அது. கடைசிக் கோடையில் உனக்குச் சின்னம்மை போட்டது. எனக்கும் அம்மாவுக்கும் அதற்கு முன்னால் வந்ததில்லை, எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமே என்று அப்பா எங்கள் இருவரையும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உன்னோடு தனியாக இருந்தார். அந்தக் கோடையை நான் சைக்கிள் பழகின கோடை என்றே ஞாபகம் வைத்திருக்கிறேன் பார்! ஊர் திரும்பிய உன் முகத்தைப் பார்த்து உனக்குப் புள்ளி என்று பேர் வைத்ததே நான்தான். பேர் நின்றுவிட்டது, காரணம் எனக்கு மறந்துவிட்டது. மறதி என்று பயப்படுகிறாயே, இங்கே வந்து என்னைப் பார்.

இப்போது சுவர். பசை கலந்த சாயத்தின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. பழைய படுதாவை வெள்ளையடித்துத் திரும்பப் பயன்படுத்த நாடகக் கம்பெனி முதலாளி கேட்டால் அப்பா தலையிலடித்துக்கொள்வார். அந்த ஒரு சுவரில் மட்டும் சுண்ணாம்பு நிற்காததற்குக் காரணம் அடியில் அப்பாவின் சாயம் இருப்பதுதான். உன் கடிதத்தைப் படித்தபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

பல் டாக்டரம்மா உற்சாகமாக ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார். நான் போட்ட சத்தத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர் பட்டால் அந்தச் சாயம் கரைந்து ஓடிவிடும். காய்ந்தபடியே உரிக்க வேண்டும். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், பல்லில் படிந்திருப்பதைச் சுரண்டுகிற தன் பழைய ஆயுதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். "நகருங்க, இது என் வேலை" என்றார். பார்க்க வேண்டும் நீ, அந்தக் கையை! சுவருக்கு வலிக்குமோ என்று பயந்த மாதிரி உரித்தார். நான் சுவருக்கு ஆறுதல் சொல்லாத குறை.

சாயங்காலம் பார்த்தால் சுவரெல்லாம் அழுக்கு நீலத் தீற்றல், பச்சைக் கறை, இங்கொரு வெள்ளைத் திட்டு, அங்கொரு வெள்ளைத் திட்டு. ஜன்னலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் ஞாபகம் வந்தது. அப்பாவின் படுதாவைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்படித்தான் சாக்கடையாக இருக்கும். "கடைசி வரிசை டிக்கெட்காரனுக்குத்தாண்டா நான் வரையறேன்" என்பார். கதவுப் பக்கம் தலைமாடு என்று எழுதியிருந்தாய் இல்லையா? கட்டில் கிடந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, சாமான்களை ஒதுக்கி, தரையில் படுத்தேன்.

புள்ளி, கடல் தெரிந்தது. பச்சைச் சட்டம், கீழ்ச் சட்டத்தில் மஞ்சள் வெயில். பாதி உதிர்ந்துபோன கலங்கரை விளக்கம். நீ சொன்னது ஒன்றுவிடாமல். அந்த வெள்ளைத் திட்டுகள் எல்லாம் படகு. நீ தூங்கின பிறகு அப்பா ஈரத்துணியால் பழைய படகைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒன்று வரைந்திருக்கிறார். துடைத்த இடத்திலெல்லாம் லேசாகத் தடம் இருக்கிறது, இடது கோடியிலிருந்து வரிசையாக வருகிறது. கடைசிப் படகு மட்டும் துடைக்காமல் பளிச்சென்று நிற்கிறது, கரையில், கயிற்றால் கட்டி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படுத்திருந்தேன். டாக்டரம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு, ஆள் விழுந்துவிட்டான் என்று அதே வாளித் தண்ணீரை என் முகத்தில் ஊற்றிவிட்டார். நல்லவேளை, சுவரில் தெறிக்கவில்லை.

அடுத்த கோடையில் எங்களுக்குக் காட்டலாம் என்று அப்பா வைத்திருந்தாரோ என்னவோ. அதற்குள் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தோம்.

நீ பார்த்தது உண்மை. இனி இந்தக் குடும்பத்தில் "புள்ளியோட ஜன்னல்" என்று யாராவது சொன்னால், சத்தியம் என்று அர்த்தம்.

பரிசோதனைக்குப் போ.

அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

நீ, அண்ணி, பல் டாக்டரம்மா மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கண்ணாடிக் கடைக்கே எடுத்துக்கொண்டு ஓடினேன். கடையில் ஓர் அம்மாள் மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே உன் மாப்பிள்ளை கடிதத்தைப் படித்தார், மூக்கை உறிஞ்சினார், என் காலில் விழாத குறை. "டாக்டர்கிட்ட நான் போய்ச் சொல்றேன், இப்பவே சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார். அந்த அம்மாள், "முதல்ல எனக்கு எழுத்து தெரியுதான்னு பாருங்கய்யா" என்றார்.

ஜன்னல் இருந்தது என்பதால் மட்டும் மண்டை சரியாகிவிடாது என்று எனக்கும் தெரியும், நான் மருந்துக் கடைக்காரி. ஆனால் பயம் போய்விட்டது. மறுநாளே ஸ்கேனுக்குப் போனேன். மூளையில் ஒரு குறையும் இல்லையாம். ரத்தத்தில் ஒரு வைட்டமின் தரைதட்டிப் போயிருக்கிறதாம், தைராய்டும் மந்தமாம். நவம்பரில் நடந்ததற்கெல்லாம் அதுவே போதும் என்றார் டாக்டர். ஊசி போடுகிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அந்த ஊசியை நான் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்! மூன்றாவது ஊசிக்குள் கூட வேலை பார்க்கும் பெண்ணின் பெயர், அவள் அம்மா பெயர், அவள் வீட்டு நாயின் பெயர் எல்லாம் வந்துவிட்டது. ரிசல்ட் வந்த அன்று அதை வாங்கிக்கொண்டு நானும் அவரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தோம். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பயங்கரமாகப் பசித்தது.

அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் அங்கே வருகிறேன். ஜன்னலை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.

புள்ளி


மே 9

கண்ணாடிக் கடைக்காரருக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஊசியை இங்கே உள்ளூர் நர்ஸிடம் போட்டுக்கொண்டேன், கவலை வேண்டாம்.

நேற்று அண்ணா, அண்ணி, நான் மூன்று பேரும் ஏரிக்கரை வீட்டுக்கு வந்தோம். இந்தக் கடிதத்தை அங்கேயே, வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஏரி. அண்ணாவின் வாய் டாக்டரம்மா கையில் இருக்கிறது. "ஓசியில புடுங்கறேன்னா எதுக்கு ஓடறீங்க?" என்று அவர் கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. அண்ணா காது மிஷினைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டார்.

பின்னறைக்கு என்னைத் தனியாக அனுப்பினார்கள். அங்கே சாமானெல்லாம் ஒதுக்கி, கட்டில் இருந்த இடத்தில் ஒரு பாய் விரித்திருந்தார் டாக்டரம்மா. பக்கத்தில் போய்ப் பார்த்தேன், கறைதான். பாயில் படுத்தேன். முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடித்தது. தலையைக் கதவுப் பக்கம் வைத்துக் கண்ணைத் திறந்தேன்.

என் ஜன்னல். அதே பச்சை, அதே மஞ்சள் வெயில். அப்பா என்னோடு தனியாக இருந்து, ராத்திரியில் தூங்காமல் படகைத் துடைத்துத் துடைத்து வரைந்திருக்கிறார். காலையில் நான் கண்விழித்ததும், "இன்னிக்கு எங்க வந்திருக்குன்னு பாரு" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்பார். அந்தக் குரல் எனக்கு நேற்றுத்தான் திரும்பி வந்தது. அழுதேன், நன்றாக அழுதேன், சந்தோஷமாக இருந்தது.

கடைசிப் படகை நான் அப்போது பார்க்கவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் என்னைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டிருப்பார் போல. அதைத்தான் நேற்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கயிறு போட்டுக் கரையில் கட்டியிருக்கிறார். இமைக்காமல், ரொம்ப நேரம், அரை மணி இருக்கும், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு நகரவில்லை. நீங்கள் டாக்டரிடம் சொல்லலாம்.

திங்கட்கிழமை கடைக்குப் போக வேண்டும், என் வெள்ளைக் கோட்டைச் சலவைக்குப் போட்டு வையுங்கள்.

உங்கள்,
புள்ளி